பூக்கெட் கப்பல் பயணம்: பதிவு செய்யும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜூன் பள்ளி விடுமுறைக்கு சிங்கப்பூரிலிருந்து தாய்லாந்தின் பூக்கெட் தீவுக்குச் செல்லும் உல்லாசக் கப்பல்களில் தாத்தா, பாட்டியையும் அழைத்துக்கொண்டு நம் குடும்பங்கள் பல கிளம்புகின்றன. விளம்பரத்தில் பூக்கெட்டின் பாத்தோங் கடற்கரைப் படம் பளிச்சென்று இருக்கும். ஆனால் கப்பல் அந்தக் கரையை ஒட்டி வந்து நிற்காது என்பது பலருக்குக் கப்பலில் ஏறிய பிறகுதான் தெரிய வருகிறது.

பாத்தோங்கில் பெரிய கப்பலைக் கட்டத் துறைமேடை கிடையாது. விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிட்டு, டெண்டர் எனப்படும் சிறு படகுகளில்தான் ஆட்களைக் கரைக்கு அனுப்புகிறார்கள். நீர்மட்டத்தை ஒட்டிய கதவு வழியாக இறங்கி, ஊழியர் நிற்கும் மேடையிலிருந்து படகுக்குள் கால் வைக்க வேண்டும். படகு அலையோடு ஏறி இறங்கும், கப்பல் அவ்வளவாக அசையாது. அடிபடுவது அந்த இடைவெளியில்தான். பையை முதுகில் மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் காலியாக வைத்திருங்கள். ஊழியரின் விரல்களைப் பிடித்தால் நழுவிவிடும். அவர் உங்கள் முன்கையைப் பிடிப்பதுபோல நீங்களும் அவர் முன்கையைப் பிடியுங்கள். படகு மேலே வந்து சமமாகும்போது அவர் சொல்வார், உடனே ஒரே எட்டில் ஏறிவிட வேண்டும். ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே என்று தயங்கி நிற்பதுதான் ஆபத்து. பின்வார் இல்லாத செருப்பு வேண்டாம். நாலு எட்டுக்கூடத் தானே எடுத்துவைக்க இயலாத பெரியவர்களைப் பல கப்பல்களில் டெண்டரில் ஏற்ற மாட்டார்கள். இதைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது மாதம். பாத்தோங் மேற்கு பார்த்த விரிகுடா. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கடலிலிருந்து அலையை நேராக அங்கே தள்ளும். டெண்டர் பயணத்தை ரத்து செய்வதா இல்லையா என்பது கப்பல் தலைவரின் முடிவு. அந்த உரிமை பயணச்சீட்டின் நிபந்தனைகளிலேயே இருக்கும். ரத்தானால் பொதுவாகத் துறைமுகக் கட்டணம் மட்டுமே திரும்பக் கிடைக்கும். கரை இறங்கினாலும் அந்த மாதங்களில் சிவப்புக் கொடி பறக்கும் நாள்கள் அதிகம். சிவப்புக் கொடி என்றால் முழங்கால் அளவு நீரிலும் இறங்கக் கூடாது. கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் கொண்டுபோய்விடும். கடலில் குளிப்பதே நோக்கம் என்றால் டிசம்பர் விடுமுறைதான் சரி. கப்பலில் இருப்பதே போதும் என்பவர்களுக்கு ஜூன் பரவாயில்லை.

நேரக் குழப்பம் இன்னொன்று. தாய்லாந்து நேரம் நம் நேரத்துக்கு 1 மணி பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினாலும், தாய்லாந்து இணைப்பு கிடைத்ததும் கைப்பேசி தானாக மாறிவிடும். கடைசிப் படகு கப்பல் நேரப்படி மாலை 4 மணி என்றால் கைப்பேசியில் அது 3 மணி. 3.30 ஆகிறது, இன்னும் அரை மணி இருக்கிறது என்று கடையில் நிற்பவருக்குப் படகு போய் அரை மணி ஆகியிருக்கும். கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று கேட்டு, கைக்கடிகாரத்தில் அதையே வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படகுக்குக் கூட்டம் முண்டியடிக்கும். 1 மணி நேரம் முன்பே வரிசைக்கு வந்துவிடுங்கள்.

பீ பீ தீவுக்குச் சொந்த ஏற்பாட்டில் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விரைவுப் படகுகள் பெரும்பாலும் பூக்கெட்டின் கிழக்குக் கரையிலிருந்து கிளம்புகின்றன. பாத்தோங்கிலிருந்து மலைச்சாலை ஏறி நெரிசலில் அங்கே போக வேண்டும். கப்பல் மூலம் பதிவு செய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், மற்றவர்களுக்காகக் காத்திருக்காது. பீ பீ தீவுகளில் உள்ள மாயா விரிகுடாவும் ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடப்படுகிறது. தாய்லாந்தின் கடல் பூங்காக்களில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீனுக்கு 2021 முதல் தடை உள்ளது. ஜெல்லிமீன் கொட்டினால் தேய்க்காதீர்கள், குழாய்த் தண்ணீரும் ஊற்றாதீர்கள். வினிகரை அரை நிமிடமாவது விடாமல் ஊற்றிவிட்டு மருத்துவ உதவி தேடுங்கள்.

இந்தியாவிலிருந்து பெற்றோரை வரவழைத்துக் கூட்டிச் செல்பவர்கள் அவர்களுடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பாருங்கள். கப்பல் புறப்பட்டதுமே அவர்கள் நாட்டைவிட்டு வெளியேறியவர்கள் ஆகிறார்கள்.

பயண முகவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயணத் திட்டத்தில் பூக்கெட்டுக்கு நேரே ‘டெண்டர் படகில் இறங்க வேண்டும், கடல் கொந்தளித்தால் ரத்தாகலாம்’ என்று தமிழிலும் ஒரு வரி அச்சிடுங்கள்.

பயண ஏற்பாட்டுத் துறை வாசகர்,
சிங்கப்பூர்