படிக்க விட்டுப் பிறகு கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு வணிகர்கள் இணையத்தில் வாடிக்கையாளர்களைத் தக்கவைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சமூக ஊடகத்தை மட்டும் நம்பியிராமல் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள் என்று கட்டுரையாளர் சொல்வது முழுக்கச் சரி. பத்தாயிரம் ஃபாலோயர் இருந்தாலும் நம் பதிவு யார் கண்ணில் படும் என்பதை இன்ஸ்டாகிராம்தான் முடிவு செய்கிறது. மின்னஞ்சல் முகவரி நம் கையில் இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலைச் சேர்க்க, "தளத்துக்குள் நுழைந்த உடனே பாப்-அப் வர வேண்டும், பெரிதாக வர வேண்டும்" என்று அவர் சொல்லும் வழி சரியில்லை. பக்கத்தின் மேல் தானாக எழும்பி முகவரி கேட்கும் பெட்டியைத்தான் பாப்-அப் என்கிறார்கள். கைத்தறிச் சேலை, மசாலாப் பொடி, செக்கு எண்ணெய் விற்கும் சில சிறு கடைகளின் தளங்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

துணிக்கடைக்கு வருகிறவர் படியேறும்போதே மறித்து "போன் நம்பர் சொல்லுங்க" என்று கேட்டால் எப்படி இருக்கும்? இன்னும் ஒரு சேலையைக்கூடப் புரட்டிப் பார்க்காதவர் எதை நம்பி முகவரி தருவார்? பலர் மூடிவிட்டுப் போவார்கள். சிலர் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பனுக்காக, எப்போதோ தொடங்கிக் கைவிட்ட ஒரு முகவரியைத் தட்டிவிட்டுப் போவார்கள். எண்ணிக்கை ஏறும், கடைக்காரருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். மடல் அனுப்பும்போதுதான் தொல்லை தொடங்கும்.

இந்தத் தொல்லையைக் கட்டுரை தொடவே இல்லை. கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புகிறவர்களுக்குக் கடுமையான விதிகளை வைத்திருக்கின்றன. ஜிமெயில் பயனர்களுக்கு ஒரே நாளில் ஐயாயிரத்துக்கு மேல் விளம்பர மடல் அனுப்புகிறவர்கள், ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தந்தாக வேண்டும். 'இது ஸ்பேம்', அதாவது வேண்டாத குப்பை மடல், என்று பெறுகிறவர்கள் புகார் செய்வது 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. ஆயிரம் பேருக்குப் போனால் மூன்று பேர், அவ்வளவுதான். பாப்-அப்பை ஒழித்தால் போதும் என்று முகவரி கொடுத்தவர், இரண்டு வாரம் கழித்து வரும் மடலைப் பார்த்து இது யார் என்றே தெரியாமல் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். அப்படிச் சிலர் அழுத்தினாலே, ஆசையோடு சேர்ந்தவருக்குப் போகும் மடலும் ஸ்பேம் பெட்டியில் விழ ஆரம்பித்துவிடும். வேண்டாதவரின் முகவரி சும்மா கிடக்காது, வேண்டியவரையும் சேர்த்து இழக்க வைக்கும்.

தேடல் வழியாக வருகிறவர்களை நம்பியிருக்கும் கடைகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தேடலிலிருந்து செல்பேசியில் வருகிறவருக்குப் பக்கத்தைக் காட்டாமல் மறைத்து நிற்கும் பாப்-அப் இருந்தால் அந்தப் பக்கம் தரவரிசையில் கீழே போகலாம் என்று 2016 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2017 ஜனவரி 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. குக்கி (வந்தவரை நினைவில் வைக்க அவருடைய உலாவியில் தளம் சேமிக்கும் சிறு குறிப்பு) அனுமதி, வயதுச் சரிபார்ப்பு என்று சட்டத்துக்காகக் காட்டுபவற்றுக்கு விலக்கு உண்டு. திரையில் அளவோடு இடம் எடுக்கும் சின்னப் பட்டைக்கும் விலக்கு உண்டு. அந்தச் சின்னப் பட்டையே பெரும்பாலான கடைகளுக்குப் போதும் என்பது என் கருத்து.

அப்படியானால் எப்போது கேட்பது? வந்தவர் ஏதாவது ஒன்றைப் பெற்றுக்கொண்ட பிறகு. மசாலாக் கடைத் தளத்தில் செட்டிநாட்டுக் குழம்பு செய்முறையைக் கடைசி வரி வரை படித்தவரிடம், "இதுபோல் மாதம் ஒரு செய்முறை அனுப்பட்டுமா?" என்று அந்த இடத்திலேயே கேட்கலாம். ஆர்டர் முடிந்து நன்றி சொல்லும் பக்கத்தில் கேட்கலாம், அங்கே மனம் இளகியிருக்கும். பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் எதையும் குறுக்கே நிறுத்தாதீர்கள். ஓடிபி வந்து காத்திருக்கும் நேரத்தில் கூப்பன் காட்டுவது கடைக்காரர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது.

கேட்பதையும் குறையுங்கள். பெயர், செல்பேசி எண், பிறந்தநாள், ஊர் என்று ரேஷன் கார்டு விண்ணப்பம் அளவுக்கு நீளும் படிவங்களைப் பார்க்கிறேன். மடல் அனுப்ப முகவரி ஒன்று போதும். என்ன வரும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று ஒரே வரியில் தமிழில் சொல்லிவிட்டால், கொடுக்கிறவர் தெரிந்து கொடுப்பார். அடுத்து, "நீங்கள்தானா?" என்று கேட்டு ஓர் உறுதிப்படுத்தும் மடல் போக வேண்டும். அதில் கொஞ்சம் பேர் உதிர்ந்துவிடுவார்கள் என்று கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். உதிரட்டும்.

மறுக்கும் பொத்தானில் எழுதும் வாசகங்கள்தான் எனக்குப் பெரிய எரிச்சல். "வேண்டாம், நான் முழு விலையே கொடுத்துக்கொள்கிறேன்" என்று வாடிக்கையாளர் வாயாலேயே சொல்ல வைப்பது என்ன நாகரிகம்? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், பயனரை ஏமாற்றும் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன. மறுக்கிறவரைக் கூச வைப்பதும் அதில் உண்டு, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிப்பதும் உண்டு. அதே ஆண்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல் போதும். ஒருமுறை வேண்டாம் என்றவரிடம் அடுத்த பக்கத்திலேயே மறுபடி கேட்காமலிருக்க ஒரு குக்கி போதும், தொழில்நுட்ப ரீதியாக ஐந்து நிமிட வேலை. நாம் அனுப்பிய மடலிலிருந்தே சொடுக்கி உள்ளே வருகிறவரிடம் "எங்கள் பட்டியலில் சேருங்கள்" என்று கேட்கும் அபத்தத்தையும் அந்த இணைப்பில் ஓர் அடையாளக் குறி சேர்த்துத் தவிர்க்கலாம்.

மூடும் பெருக்கல் குறியைச் சாம்பல் பின்னணியில் சாம்பல் நிறத்தில் ஒளித்து வைப்பதும் நடக்கிறது. வயதானவர் விரலுக்கு அது அகப்படாது. இணையத்தளங்கள் எல்லோருக்கும் கைகூட வேண்டும் என்பதற்கான உலகத் தரநிலையின் 2023 பதிப்பு, தொடும் பொத்தான் குறைந்தது 24 பிக்சல் நீளமும் அகலமும் இருக்க வேண்டும் என்கிறது. ஸ்க்ரீன் ரீடர் வைத்துப் படிக்கும் பார்வையற்றவர்களுக்கு இன்னும் சிரமம். எஸ்கேப் விசைக்கு மூடாத பாப்-அப்பில் அவர்கள் மாட்டிக்கொண்டால் பக்கத்துக்குத் திரும்பவே வழி இருக்காது. கடைக்காரர்கள் தங்கள் தளத்தை மவுஸ் இல்லாமல் ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

1990களில், பயனர்கள் சொந்தப் பக்கங்களை அமைத்துக்கொள்ள இடம் தந்த டிரைபாட் என்ற தளத்துக்காகப் பாப்-அப் விளம்பரத்தின் நிரலை எழுதியவர் ஈத்தன் சக்கர்மேன். 2014இல் அட்லான்டிக் இதழில் எழுதிய கட்டுரையில் அதற்காக உலகத்திடம் மன்னிப்புக் கேட்டார். அவருடைய நோக்கம் கெட்டதல்ல. பயனர் எழுதிய பக்கத்தின் உள்ளடக்கத்தோடு விளம்பரதாரர் பெயர் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் தனி ஜன்னலில் திறக்க வைத்தார். பிறகு வந்தவர்கள் அதை எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்பதை நாம் தினமும் பார்க்கிறோம்.

தொடரின் அடுத்த பகுதி மடல் எழுதுவது பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் விலகும் இணைப்புக்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். அது மடலின் அடியில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கக் கூடாது, சொடுக்கியதும் கடவுச்சொல் கேட்கக் கூடாது, "ஏன் போகிறீர்கள்?" என்று காரணம் கேட்டு நிறுத்தக் கூடாது. முடிந்தால், மாதம் ஒன்றுக்குப் பதில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் மடல் பெறும் வசதியை அதன் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், ஈரோடு