பெங்களூர் அல்சூர் சந்துக்காரர்களுக்கும், மாடிவீட்டுப் பெரியம்மாவுக்கும்

எங்கள் சந்தில் உள்ள எல்லோருக்கும், ஜே.சி. ரோடு, கலாசிபாளையம், பீன்யா நண்பர்களுக்கும் வணக்கம்.

என் ஷெட்டில் கார் தீப்பிடித்த அந்தச் சனிக்கிழமை இரவைப் பற்றி மறுபடி எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அங்கேயே நின்றீர்கள். மீதிப் பேருக்கு விடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. என் கைக்கட்டு நேற்றுத்தான் பிரிந்தது. விரல் மடங்குகிறது என்றதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வீடு தப்பியது. வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதற்கு நீங்கள்தான் காரணம்.

எதிர்வீட்டு வேலைக்குக் கொட்டியிருந்த எம் சாண்ட் மணலை வாளி வாளியாக அள்ளிவந்து கொட்டிய பிள்ளைகள்; குழாயைத் திறக்க ஓடியவரின் கையைப் பிடித்து, "ஆயில் நெருப்புண்ணே, தண்ணி ஊத்தினா பரவும்" என்று கத்திய ஆட்டோக்கார அண்ணன்; பெட்ரோல் கேனை முதல் வேலையாகத் தூக்கிக்கொண்டு போன தம்பி; என் கையைக் குழாயடியில் 20 நிமிஷம் எடுக்கவிடாமல் பிடித்திருந்த நர்ஸ் அக்கா; அணைந்த பிறகும் ஒரு மணி நேரம் நின்று சூடு தணிகிறதா என்று பார்த்துவிட்டுப் போன தீயணைப்புக்காரர்கள்; என் காரின் டர்போவை, அதாவது புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவியை, கழற்றி பீன்யாவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துத் தந்துவிட்டுக் காசு வாங்காத நண்பர்கள். எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரிலும் வருவேன்.

ஆனால் பெரியம்மா செய்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

மூன்று வருஷமாக அந்த ஷெட்டில் வேலை செய்கிறேன். 2005 மாடல் ஹோண்டா அக்கார்ட் கார், 3 லிட்டர் வி6 எஞ்சின். வி வடிவத்தில் பக்கத்துக்கு மூன்று சிலிண்டர். ஒரு பக்கத்துப் புகைக்கு ஒரு டர்போ என்று இரண்டு சின்ன டர்போ வைப்பது என் கனவு. ஒரே பெரிய டர்போவின் சக்கரத்தைச் சுற்றவைக்கப் புகை நிறைய வேண்டும். சின்னது இரண்டு என்றால் சீக்கிரம் சுற்ற ஆரம்பித்துவிடும். இந்த மூன்று வருஷத்தில் பெரியம்மாவோடு நான் பேசியது பத்து வார்த்தை இருக்காது. எஞ்சினை முதன்முதலில் உயிர்ப்பித்த அன்று மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. இந்த வேலையே அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நெருப்புக்கு மறுநாள் நண்பர்கள் கருகிய பைப்புகளைக் கழற்றினார்கள். கழற்றிய போல்ட்டெல்லாம் தரையில் கிடந்த மணலிலேயே விழுந்தது. கவிழ்ந்துபோன டப்பாக்களில் இருந்ததும் அதே மணலில்தான். எல்லாவற்றையும் கூட்டி மூன்று சிமெண்டுச் சாக்கில் கட்டி, குப்பை வண்டிக்கென்று வெளியே வைத்துவிட்டார்கள். நான் அப்போது அக்கா வீட்டில் கையைத் தூக்கிவைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இனி வண்டியே வேண்டாம், அப்படியே எடைக்குப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா படியிறங்கி வந்தார். கையில் இட்லிப் பானையின் நான்கு தட்டுகள், அடுக்கியபடி. ஒவ்வொரு தட்டிலும் நான்கு குழி. குழிகள் நிறைய போல்ட், நட்டு, வாஷர். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். எண்ணினேன். 137 உருப்படி.

மூன்று சாக்கு மணலையும் முறத்தில் அள்ளிக் கொழித்திருக்கிறார், அரிசியில் கல் பார்ப்பதுபோல. இரண்டு மத்தியானம் ஆயிற்றாம். மேல்தட்டில் 10ஆம் நம்பர் ஸ்பேனருக்கு உள்ளது, அடுத்ததில் 12, அடுத்ததில் 14, கடைசியில் 17. ஒவ்வொரு தட்டிலும் குட்டையிலிருந்து நெட்டைக்கு வரிசை. ஒரே தலை, ஒரே நீளம் உள்ள போல்ட்டுகளைக்கூட இரண்டு குழியில் பிரித்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "நட்டைப் போட்டுப் பாத்தேன் தம்பி. இதுல சுலபமா ஓடுது, அதுல ரெண்டு சுத்துலயே பிடிக்குது. மரை வேற." மரையின் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒன்றில் 1.25 மில்லிமீட்டர், மற்றதில் 1.5. நானே மரை அளக்கும் கேஜ் வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்.

அவர் வீட்டுக்காரர் கோலார் தங்கவயலில் ஃபிட்டர். 2001இல் சுரங்கத்தை மூடும் வரை அங்கேதான். வேலைவிட்டு வந்ததும் வாசலில் துணி விரித்துக் கருவிகளைத் துடைத்து எண்ணுவாராம், கூடவே இவரும் எண்ணுவாராம். எஞ்சின் சத்தம் கேட்ட அன்று ஏன் ஜன்னலைச் சாத்தினீர்கள் என்று கேட்டேன். "அவர் ஞாபகம் வந்துச்சு கண்ணு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கடைசித் தட்டின் கடைசிக் குழியில் இரண்டே இரண்டு செம்பு வாஷர். மேலே ஒரு துண்டுக் காகிதம். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "இது ஜோடி இல்லை."

உட்கார்ந்துவிட்டேன்.

டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். அந்த ஆயிலைக் கொண்டுவரும் குழாயின் முனையில் ஒரு பாஞ்சோ போல்ட், அதாவது ஆயில் போக உள்ளே துளையிட்ட போல்ட்; குழாய் முனையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செம்பு வாஷர். இறுக்கும்போது செம்பு நசுங்கி இடைவெளியை அடைக்கும். ஒருதரம் நசுங்கினால் கெட்டிப்பட்டுவிடும். புதிது போட வேண்டும், இல்லையென்றால் சிவக்கக் காய்ச்சி இளக்கிவிட்டுப் போட வேண்டும். இடது டர்போவை மாட்டிய இரவு ஒரு வாஷர் குறைந்தது. கடை மூடியிருந்தது. பழையதையே போட்டு இறுக்கினேன். கசிந்த ஆயில் சொட்டிய இடம், எஞ்சின் வேகத்தை ஏற்றினால் 700 டிகிரியைத் தாண்டும் டர்பைன் கூடு, டர்போவில் சூடான புகை சுற்றும் பக்கம்.

ஒன்று தடியாக, ஒன்று தேய்ந்து, இரண்டும் அந்த இட்லிக் குழியில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. காந்தம் வைத்துப் பொறுக்கியிருந்தால் இரும்பு மட்டும்தான் வந்திருக்கும். செம்பு மணலோடு போயிருக்கும். நானும் பைப்பையோ கடைக்காரரையோ குறை சொல்லிக்கொண்டு, அதே தப்பை இன்னொரு இரவும் செய்திருப்பேன்.

பெரியம்மா, எண்ணெய் பட்ட தட்டு இனி சமையலுக்கு ஆகாது. அந்த வாரம் முழுக்க நீங்கள் கிண்ணத்தில் இட்லி ஊற்றியதை உங்கள் பேத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். புதுப் பானை வாங்கி வந்தபோது "எதுக்கு இதெல்லாம்" என்றீர்கள். வாங்கிக்கொண்டதற்கும் நன்றி. பழைய தட்டுகள் ஷெட்டில் என் மேஜைமேல் இருக்கின்றன. நான் இருக்கும்வரை அங்கேதான் இருக்கும்.

சந்துக்காரர்களுக்கு நான் தரும் வாக்கு. ஷெட்டில் இனி பெட்ரோல் கேன் இருக்காது. வாசலருகே ஒரு தீயணைப்பு சிலிண்டரும் மணல் வாளியும் எப்போதும் இருக்கும். ஆயில் குழாய்க்கு வெப்ப உறை போட்டாயிற்று. இரவு எட்டுக்குமேல் எஞ்சினைத் தொடமாட்டேன். அப்புறம், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. இதுவரை அதைத் தட்டிக்கழித்துவந்தேன். முறைப்படி அனுமதி கிடைக்காமல் இந்த வண்டி கேட்டைத் தாண்டாது. கிடைக்காவிட்டால் லாரியில் ஏற்றிப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோவேன், தெருவில் ஓட்டமாட்டேன்.

இன்னொன்று. உங்கள் வாளிகள் ஏழு என் ஷெட்டில் இருக்கின்றன. கழுவி வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி உருகிப்போன பச்சை வாளி யாருடையது என்று தெரியவில்லை. அதே பச்சையில் புதிது ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன்.