செயலாளர் ஆண்டறிக்கை, 2023

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருக்கும் நம் சங்கத்தின் இந்த அறிக்கையில் வழக்கமாகத் தமிழ் வகுப்பு, காவடி நாளில் தண்ணீர்ப் பந்தல், தீபாவளிப் பலகாரப் பொட்டலம் என்று வரிசையாக வரும். அதெல்லாம் இந்த ஆண்டும் நடந்தது. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயற்குழுவில் அதிகம் பேச்சு நடந்ததும் அதிகம் சண்டை வந்ததும் சினிமாவால்தான் என்பதால் அதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆரம்பித்து வைத்தது இளைஞர் பிரிவு. "டர்பன்லயே சர்வதேசத் திரைப்பட விழா நடக்குது, சங்கத்துல யாராவது போயிருக்கோமா?" என்று ஒரு பெண் கேட்டாள். கூட்டத்தில் கை தூக்கியவர்கள் இரண்டே பேர். இந்த விழா 1979-ல் தொடங்கியது. அப்போதிருந்த நேட்டால் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இன்றும் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலை மையம்தான் நடத்துகிறது. வெள்ளையருக்கு ஒரு தியேட்டர், நமக்கு ஒரு தியேட்டர் என்று சட்டம் போட்டுப் பிரித்து வைத்திருந்த காலம் அது. வெளியே தணிக்கையின் கத்தரி. அந்தக் காலத்தில் இப்படி ஒரு விழாவைத் தொடங்குவது சின்ன வேலை இல்லை.

மூத்தவர்கள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "எங்களுக்குக் கிரே ஸ்ட்ரீட் ஷாஜஹான் தியேட்டரும் விக்டோரியா ஸ்ட்ரீட் அவலான் தியேட்டரும் போதும் தம்பி, அதுக்கப்புறம் பார்த்தது எதுவும் படமா?" என்றார் நம் முன்னாள் தலைவர். தெருக்களின் பெயரெல்லாம் மாறிப் பல வருஷம் ஆகிறது, அவர் வாயில் மட்டும் மாறவில்லை. சனிக்கிழமை மேட்டினிக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போன கதையை ஆரம்பித்தால் மினிட்ஸ் எழுத முடியாது. எழுதவில்லை.

சரி, ஜூலையில் போவது என்று முடிவாயிற்று. 44-வது விழா, ஜூலை 20 முதல் 30 வரை. ஒரு கொம்பி வண்டி, அதாவது வேன், பேசினோம். முதல் தடவை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாங்கள் பார்க்க வேண்டிய படம் பாதி ஓடியிருந்தது. நேரத்தைத் தப்பாகப் படித்தது நான்தான், டிரைவர் மேல் பழி போடுவதற்கில்லை. குளிரில் சால்வையோடு வந்திருந்த தாய்மார்களிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்டுக்கொள்கிறேன். ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றின நம்மூர் பன்னி சௌ வாங்கிக் கொடுத்துத்தான் சமாதானம் ஆயிற்று. அந்தச் செலவு சங்கத்துக் கணக்கில் இல்லை.

இரண்டாம் தடவை ஒழுங்காகப் போனோம். நம் நாட்டு ஆவணப்படம் ஒன்று, பேச்சு பெரும்பாலும் இந்த மண்ணின் ஜூலு மொழி. கீழே ஆங்கில எழுத்து ஓடுவதைப் படித்துப் படித்து இளையவர்கள் பின்தொடர்ந்தார்கள். காய்கறித் தோட்டத்திலும் மார்க்கெட்டிலும் ஐம்பது வருஷம் ஜூலு பேசியே பிழைத்த நம் ஆயாமார்களுக்கு அந்த எழுத்தே தேவைப்படவில்லை. எழுத்து வருவதற்கு முன்னாலேயே சிரித்தார்கள். முன் வரிசையில் இருந்த ஜூலுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த தடவை இரண்டு வரிசையும் சேர்ந்தே சிரித்தது. இந்த ஆண்டு சங்கம் செய்த நல்ல காரியம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பந்தல்காரர்கள் கோபிக்கக் கூடாது.

விருதுகளைப் பற்றி வாட்ஸப் குழுவில் ஒரு வதந்தி சுற்றியது. "டர்பனில் ஜெயித்தால் ஆஸ்கர் கிடைக்கும்" என்று. அப்படி இல்லை. சிறந்த கதைப்படம், சிறந்த தென்னாப்பிரிக்கப் படம், ஆவணப்படம், குறும்படம் என்று நடுவர்கள் விருது தருகிறார்கள். மனித உரிமைக்காக ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலின் விருது தனியாக உண்டு. பார்வையாளர் விருதும் உண்டு. இவற்றில் ஆவணப்படத்துக்கும் குறும்படத்துக்கும் கிடைக்கும் முதல் பரிசைத்தான் ஆஸ்கர் அகாதெமி தகுதியாக ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்காவில் தியேட்டரில் ஓடிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் போட்டிக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். வரிசையில் நிற்க டோக்கன் கிடைத்த மாதிரி. சாப்பாடு கிடைத்த மாதிரி இல்லை.

கை தூக்கிய அந்த இரண்டு பேரில் ஒருவர் 2013 தொடக்க நாளில் அரங்கில் இருந்தவர். தொடக்கப் படத்துக்கே அரசாங்கத்தின் தணிக்கை வாரியம் அனுமதி மறுத்துவிட்டது. படத்துக்குப் பதிலாக, காட்ட முடியாது என்ற அறிவிப்பு மட்டும் திரையில் வந்தது. மேல்முறையீட்டில் அந்தத் தடை விலகி, விழா முடிவதற்குள் படம் ஓடியது. வெள்ளையர் ஆட்சி முடிந்து சுதந்திரம் வந்து பத்தொன்பது வருஷம் கழித்தும் இப்படியா என்று அவருக்கு இன்னும் ஆறவில்லை. இதை நம் மண்டபத்தில் ஒரு மாலை பேசச் சொன்னோம். நல்ல கூட்டம்.

விழாவைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் மண்டபத்திலேயே ஒரு பழைய தமிழ்ப் படம் போட்டோம். முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது லோட் ஷெட்டிங், அதாவது மின்வெட்டு. அட்டவணையைப் பார்க்காமல் இல்லை, பேட்டரி தாங்கும் என்று நினைத்தோம், தாங்கவில்லை. முன்னாள் தலைவர் எழுந்து டார்ச் வெளிச்சத்தில் மிச்சக் கதையைச் சொல்லி முடித்தார். கண்ணீர் விட்டவர்கள்கூட உண்டு.

கடைசியாக, நம் பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருக்கும் குறும்படம். மவுண்ட் எட்ஜ்கோம் கரும்புத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லைன் வீட்டில் பிறந்த ஓர் ஆயா பேசுகிறார், அதுதான் படம். ஆங்கில எழுத்து போட மொழிபெயர்ப்புக் குழு மூன்று மாலை உட்கார்ந்தது. முதல் நிமிஷத்திலேயே தகராறு. "எங்க ஊர்ல அப்பல்லாம் விடியறதுக்கு முன்னாடி மணி அடிச்சிரும்" என்கிறார் ஆயா. பிள்ளைகள் "இந்தியாவில்" என்று எழுதிவிட்டார்கள். ஆயா இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. அவருக்கு ஊர் என்றால் ஆலைப் புகைபோக்கி தெரிகிற அந்த லைன்தான். இதைச் சொன்னதும் படம் எடுத்த பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் தோட்டத்தின் பெயரையே போட்டாள். ஆனால் அந்த மாற்றங்களை முடித்து அனுப்புவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அடுத்த விழாவுக்கு அனுப்புகிறோம். எடுத்துக்கொள்வார்களா என்பது அவர்கள் பாடு.

செயற்குழு கேட்பது இரண்டு. அடுத்த ஜூலையிலும் கொம்பி வண்டிக்கு அனுமதி, நேரத்தை வேறு யாராவது சரிபார்க்கட்டும். மண்டபத்துக்கு ஒரு நல்ல பேட்டரி, படம் முழுசாக ஓடுகிற அளவுக்கு. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
டர்பன்