ரசிகர்களை மட்டும் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேடை மியூசிக்கல்களில் (பாட்டும் வசனமுமாகக் கதை சொல்லும் நாடகங்களில்) ரசிகர்கள் போடும் கூச்சல் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நடிகர் தலை தெரிந்ததும் அலறுகிறார்கள், சோகப் பாட்டு முடியும் முன்பே விசிலடிக்கிறார்கள், சிரிக்கவே கூடாத இடத்தில் சிரிக்கிறார்கள் என்று கட்டுரையாளர் ஒரு குற்றப்பத்திரிகையே வாசித்திருந்தார். பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியில் தப்பான ஆளைப் பிடித்துவிட்டார் என்பது என் கருத்து.

ஒத்துக்கொள்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரலில் மான்செஸ்டரில் 'தி பாடிகார்ட்' நடந்தபோது, கடைசிப் பாட்டைச் சிலர் கூடவே உரக்கப் பாடினார்கள். சொல்லியும் கேட்கவில்லை. காட்சியைப் பாதியில் நிறுத்தி, போலீஸை அழைக்க வேண்டியதாயிற்று. இதற்கெல்லாம் வக்காலத்து வாங்க நான் வரவில்லை. மேடையில் இருப்பவர் பாடுவதைக் கேட்கத்தான் மற்றவர்கள் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள், பின்வரிசைக்காரர் பாடுவதைக் கேட்க அல்ல.

ஆனால் இருண்ட கட்டத்தில் எழும் சிரிப்பு வேறு விஷயம். 'கேபரே'வை எடுத்துக்கொள்வோம். ஜான் கேண்டர் இசை, ஃப்ரெட் எப் பாடல்கள், 1966-ல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேக்கு வந்தது. நாஜிகள் தலையெடுக்கும் காலத்து பெர்லினில் ஓர் இரவு விடுதி. அங்கே நிகழ்ச்சியை நடத்துபவன் ஒரு கொரில்லாவோடு கைகோத்துக் காதல் பாட்டு பாடுகிறான். என் கண்ணால் பார்த்தால்தான் இவள் அருமை உங்களுக்குத் தெரியும் என்று கொஞ்சுகிறான். அரங்கம் சிரிக்கிறது. சிரிக்க வைக்கவே போட்ட மெட்டு அது. கடைசி வரியில், அப்படிப் பார்த்தால் இவள் யூதப் பெண்ணாகவே தெரியமாட்டாள் என்று முடிக்கிறான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த வாயை மூடக்கூட நமக்கு நேரம் கொடுப்பதில்லை. பிராட்வேக்கு முன் பாஸ்டனில் நடத்திப் பார்த்த முன்னோட்டக் காட்சிகளிலேயே யூதர்கள் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்ததால் இயக்குநர் ஹால் பிரின்ஸ் அந்த வரியை மாற்றவைத்தார். 1972-ல் வந்த திரைப்படத்தில் பழைய வரி திரும்பிவிட்டது.

அந்த விடுதி நிகழ்ச்சியை நடத்துபவனாக முதன்முதலில் நடித்த ஜோயல் கிரே, 2024 நவம்பரில் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி எழுதினார். அன்று ஜனங்கள் அதிர்ந்துபோன அதே வரிக்கு, அப்போது பிராட்வேயில் நடந்துகொண்டிருந்த மறுதயாரிப்பில் சில நாட்கள் பலத்த சிரிப்பு எழுந்ததாம். சிரித்தவர்கள் எல்லோரையும் ஒரே கூண்டில் நிறுத்த முடியுமா? என்ன செய்வதென்று தெரியாமல் பதற்றத்தில் சிரித்தவர்கள் இருப்பார்கள். இது நாஜிகளைக் கேலி செய்யும் வரி, நாம் நல்லவர்கள் பக்கம்தான் இருக்கிறோம் என்று நம்பிச் சிரித்தவர்கள் இருப்பார்கள். அந்த வரி உண்மையிலேயே இனித்துச் சிரித்தவர்களும் இருக்கலாம், எனக்குப் பயம் அங்கேதான். கேட்பதற்கு எல்லாம் ஒரே சத்தம். ரசிகர்களுக்கு ஒழுக்கம் கற்றுக்கொடுத்து இதைச் சரிசெய்துவிடலாம் என்று கட்டுரையாளர் நினைத்தால், அவர் அந்தப் பாட்டையே சரியாகக் கேட்கவில்லை.

'ஸ்வீனி டாட்' (1979) இன்னும் துணிச்சலான வேலை. குடும்பத்தை இழந்த நாவிதன், எல்லோரையும் கொல்வேன் என்று வெறிபிடித்துக் கத்தி முடிக்கிறான். அந்தக் கத்தல் அடங்கிய கையோடு, கைவசம் இருக்கும் பிணத்தை என்ன செய்யலாம் என்று, கறி அடைத்துச் சுடும் 'பை' பண்டம் விற்கும் கடைக்காரி யோசிக்கிறாள். கறிக்கோ தட்டுப்பாடு, வியாபாரமும் படுத்துவிட்டது. அப்புறம் இரண்டு பேரும் வால்ட்ஸ் என்ற நடன மெட்டில், பாதிரியார் எப்படி ருசிப்பார், வக்கீல் எப்படி ருசிப்பார் என்று ஒவ்வொரு தொழிலாகப் போகிறார்கள். அரங்கமே குலுங்கும். உடனே இடைவேளை. நரமாமிசத்துக்குச் சிரித்துவிட்டு வெளியே போய் நிற்கிறோம். இந்த இடத்தில் சிரிக்காத கூட்டம் வந்து உட்கார்ந்தால் நடிகர்கள்தான் கவலைப்பட வேண்டும். அந்தச் சிரிப்புக்கான கணக்கு இரண்டாம் பாதியில் தீர்க்கப்படுகிறது. எப்படி என்று சொல்லி, இனிமேல் பார்க்கப்போகிறவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள மாட்டேன்.

கைதட்டலுக்கு வருகிறேன். மியூசிக்கலில் பாட்டு முடியும்போது பெரும்பாலும் இசைக்குழு ஓங்கி ஓர் அடி அடித்து நிறுத்தும். 'பட்டன்' என்பார்கள். அது விழுந்தால் கை தானாகத் தட்டும். தட்டக்கூடாது என்றால் அந்த அடியை வைக்காமல் இசையை அடுத்த வசனத்துக்குள் ஓடவிட்டுவிடுவார்கள். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யின் முதல் பாதி முடிவில் மேடையில் இரண்டு பிணங்கள் கிடக்கின்றன, எங்கோ தூரத்தில் மணிக்கூண்டு அடிக்கிறது, அவ்வளவுதான். ஆக, தட்டுவதும் தட்டாததும் பாதிக்கு மேல் எழுதியவர்கள் கையில் இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த கதை 'ஜிப்ஸி'யுடையது. மகள்களை மேடையேற்றுவதற்காகவே வாழ்ந்த ரோஸ், கடைசியில் ஆளில்லாத மேடையில் தனியாக நின்று உடைந்துபோய் ஒரு பாட்டு பாடுகிறாள். மனம் சிதறிக்கொண்டிருப்பவளுக்குக் கைதட்டல் எதற்கு என்று பாடல்களை எழுதிய ஸ்டீபன் சோண்ட்ஹைம் நினைத்தார். அதனால் தட்டுவதற்கு இடம் வைக்காமல் பாட்டைத் தேயவிட்டார்கள். 1959-ல் ஃபிலடெல்ஃபியா முன்னோட்டத்தைப் பார்த்த அவருடைய குரு ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் அது வேண்டாம் என்றார். ரோஸாக நடித்த எத்தல் மெர்மனுக்குக் கைதட்டத் துடிக்கும் கூட்டம், தட்ட வழியில்லாததால் அடுத்து வரும் காட்சியைக் கவனிக்கவே இல்லை, பேசாமல் தட்ட விட்டுவிடுங்கள் என்பது அவர் யோசனை. பட்டன் வந்தது. பின்னால் 1973-ல் லண்டனிலும் அடுத்த ஆண்டு பிராட்வேயிலும் ஏஞ்சலா லான்ஸ்பரி ரோஸாக நடித்தபோது, இயக்குநர் ஆர்தர் லாரன்ட்ஸ் இதற்கு மேல் ஒரு படி போனார். பாட்டு முடிகிறது, கைதட்டல் எழுகிறது, ரோஸ் குனிந்து வணங்குகிறாள். கைதட்டல் ஓய்கிறது. அவள் இன்னும் வணங்கிக்கொண்டே இருக்கிறாள். நாம் தட்டியது நடிகைக்கு. அவள் வணங்குவதோ தன் தலைக்குள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு. ரசிகர்களின் ஆர்வத்தை வைத்தே அந்தக் காட்சியை முடித்துக் காட்டினார்கள். நாம் தட்டாமல் உட்கார்ந்திருந்தால் அந்த இடமே கிடையாது.

(இதே பாட்டின் நடுவில்தான், 2009 ஜனவரியில் ரோஸாக நடித்த பேட்டி லுபோன் என்ற நடிகை பாடுவதை நிறுத்திவிட்டு, படமெடுத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பிடிபிடி என்று பிடித்தார். நியாயமான கோபம்.)

வெறிபிடித்த ரசிகர்கள் என்கிறார் கட்டுரையாளர். 1996-ல் 'ரென்ட்' பிராட்வேக்கு வந்தபோது முன்வரிசை இருக்கைகளை 20 டாலருக்கு விற்றார்கள். அதற்காகத் தெருவில் இரவு படுத்துக் கிடந்தவர்களுக்கு 'ரென்ட்ஹெட்ஸ்' என்றே பெயர் விழுந்தது. எய்ட்ஸ் காலத்துக் கதை, சாவு கூடவே வரும். எழுதி இசையமைத்த ஜோனதன் லார்சனும் பிராட்வேக்கு முன் ஒரு சிறிய அரங்கில் முதல் முன்னோட்டம் நடக்கவிருந்த நாளின் அதிகாலையில் 35 வயதில் இறந்துபோனார். இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தெருவில் படுத்தவர்கள், கூச்சல் போடுவதற்காகத்தான் வந்தார்கள் என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

லண்டன் லிரிக் அரங்கில் 'ஹேடஸ்டவுன்' பார்த்தபோது என் பக்கத்து இருக்கைகளில் இரண்டு இளம்பெண்கள், தலையில் சிவப்புப் பூ வைத்திருந்தார்கள். ஆரம்பப் பாட்டிலேயே கதைசொல்லியான ஹெர்மீஸ் ஒவ்வொரு பாத்திரமாகப் பெயர் சொல்லி அறிமுகம் செய்வான். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கத்தச் சொல்லியே எழுதப்பட்ட இடம் அது. இது சோகக் கதை என்று எச்சரிப்பதும் அதே ஹெர்மீஸ்தான். கடைசியில் காதலியைப் பாதாளத்திலிருந்து மீட்டுவரும் ஆர்ஃபியஸ் முன்னால் நடக்கிறான், காதலி யூரிடிஸி பின்னால் வருகிறாள், திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அவளை இழந்துவிடுவான் என்பது நிபந்தனை. கிரேக்கப் பழங்கதை, முடிவு எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்கள் வரிக்கு வரி உதடசைத்துக்கொண்டிருந்தவர்கள், அவர்களுக்குத் தெரியாதா? உதடு நின்றது. ஒருத்தி மற்றவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவன் திரும்பியதும் அரங்கம் மொத்தமும் மூச்சை உள்ளே இழுத்தது. அதற்கு முன் அவ்வளவு சத்தம் போட்ட கூட்டமா இது என்று இருந்தது.

எனக்கு உண்மையிலேயே பொறுக்காத ஒன்று உண்டு. பாத்திரம் செத்துக்கொண்டிருக்கும், பாடுபவர் உச்சஸ்தாயியைத் தொட்டதும், பாட்டு எதைப் பற்றியது என்பதே மறந்து, போட்டி நிகழ்ச்சி மாதிரி 'ஊ' என்று கிளம்புவார்கள். அதிலும் முழுப் பழியை ரசிகர் தலையில் போடமாட்டேன். அந்த ஒரு சுரத்தை மட்டும் வெட்டி விளம்பரமாக ஓடவிட்டு டிக்கெட் விற்பவர்கள் யார்?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது என்று விமர்சனத்தை முடிப்பதை விட்டுவிடுங்கள், இப்போதெல்லாம் எதற்கும்தான் எழுந்து நிற்கிறார்கள். எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் அடங்கிப்போனார்கள், அதற்கு மேடையில் என்ன செய்திருந்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். கொரில்லாப் பாட்டுக்குக் கடைசி வரிவரை சிரித்தவர்களைத் தன் குற்றப்பட்டியலில் சேர்ப்பாரா மாட்டாரா என்று கட்டுரையாளரிடம் கேட்டு, பதிலையும் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி