மஹத்தாவுக்குப் போனாயா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் கூப்பிட்டால் இரண்டு நிமிஷத்தில் "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்கிறாய். வீடியோவில் வரச் சொன்னால் நெட் சரியில்லை என்கிறாய். அதனால்தான் பேப்பரை எடுத்தேன். தங்கச்சி படம் பிடித்து அனுப்புவாள்.

பணம் வந்தது. அனுப்பியவர் பெயர் வேறாக இருக்கிறதே என்று பேங்கில் கேட்டார்கள். உன் கூட்டாளி என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் அலையாதே.

மாடிப் பூச்சு முடிந்தது. குறுவை பரவாயில்லை. மாமா வீட்டு விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அது கிடக்கட்டும். நீ ஷார்ஜாவில் ரூம் மாறிவிட்டாயாம், கிங் அப்துல் அஜீஸ் ரோட்டுப் பக்கமாம். தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ரோடு ஏன் வளைவே இல்லாமல் நீட்டமாகப் போகிறது தெரியுமா? அதுதான் பழைய ஏர்போர்ட்டின் ரன்வே. பக்கத்திலேயே அந்த ஏர்போர்ட் கட்டடத்தில் மஹத்தா மியூசியம். போய்ப் பார் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். ஊருக்கே லீவு விடுகிற நாளில் உனக்கு மட்டும் லீவு இல்லையா?

1932இல் அது வெறும் மணல்காடு. லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வருகிற விமானம் இடையில் இறங்க இடம் தேடினார்கள். ஷார்ஜா ஷேக் இடம் கொடுத்தார். மாச வாடகை 800 ரூபாய், ஒரு விமானம் இறங்கினால் 5 ரூபாய். ரூபாய்தான், அங்கே அப்போது நம்ம ரூபாய்தான் செல்லும். அக்டோபர் 5ஆம் தேதி முதல் விமானம் இறங்கியது. பயணிகள் ராத்திரி தங்கக் கோட்டை மாதிரி ஒரு விடுதி கட்டிக் காவலும் போட்டார்கள். யுத்தம் வந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை அங்கே தளம் போட்டது. 1943 அக்டோபரில் அங்கிருந்த படைப்பிரிவின் விமானம் ஒன்று ஓமான் வளைகுடாவில் யூ-533 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்தது. 53 பேரில் ஒருத்தன்தான் பிழைத்தான். ஒரு நாளுக்கு மேல் தண்ணீரிலேயே கிடந்தவனை நம்ம இந்தியக் கப்பல் தூக்கியது. 1971இல் வெள்ளைக்காரப் படை போய்விட்டது, 1977இல் ஏர்போர்ட்டும் வேறு இடத்துக்குப் போய்விட்டது. நான் போகும்போது வீடுகளுக்கு நடுவே பழைய கண்ட்ரோல் டவர் நின்றது.

ஜஸ்டிஸ் கட்சித் தலைவர் சர் ஏ.டி. பன்னீர்செல்வம் கதை உனக்குத் தெரிந்ததுதான். 1940 மார்ச் 1ஆம் தேதி, லண்டனில் பெரிய பதவி ஏற்கப் போனவர். ஈரான் கரையில் ஜாஸ்க் என்ற ஊரில் கிளம்பிய ஹன்னிபால் விமானம் இந்த ஷார்ஜாவுக்குத்தான் வர வேண்டியது. எட்டுப் பேரோடு காணாமலே போனது. தாத்தா ஜஸ்டிஸ் கட்சிக்காரர், எனக்குப் பன்னீர்செல்வம் பெயரையே வைத்தார். எனக்கு விசா வந்தபோது அப்பாயி, "அந்தப் பேர வச்சுக்கிட்டு அந்த ஊருக்கேவாடா போற?" என்று அழுதது. சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

நம்ம தெருவில் முதல் என்ஜினியர் நீதான். எனக்குப் பெருமை இல்லாமலா? ஆனால் நீலக் கோடு விழுந்து இரண்டு நாள் கழித்து ஒரு 'ம்' போடுகிறாயே, அது நியாயமா? வேளைக்குச் சாப்பிடு.

ஒன்று சொல்கிறேன், அம்மாவுக்கே பாதிதான் தெரியும். 1986இல் எனக்கு ஐந்து மாசம் சம்பளம் இல்லை. பாஸ்போர்ட் முதலாளி கையில். வீட்டுக்கு ஓவர்டைம் அதிகம், எழுத நேரமில்லை என்று எழுதினேன். ரூமில் இருந்த மலையாளியிடம் கடன் வாங்கி, அவர் பெயரிலேயே டிராஃப்ட் எடுத்து அனுப்பினேன். பகலெல்லாம் வேலை கேட்டு அந்த ரன்வே ரோட்டில்தான் மேலும் கீழும் நடந்தேன். மத்தியானத்தில் தார் இளகி ரப்பர் செருப்பு ஒட்டும், காலை இழுத்தால் வார் பிய்ந்துவிடும். ஊக்கு குத்தி நடந்தேன். அந்த ஐந்து மாசத்தில்தான் அப்பாயி போய்ச் சேர்ந்தது. லீவு கிடைக்கவில்லை என்று தந்தி கொடுத்தேன். லீவாவது ஒன்றாவது, டிக்கெட்டுக்குக் காசில்லை. வெட்கம். கேட்டிருந்தால் உன் தாத்தா மேலக்காட்டை அடமானம் வைத்தாவது அனுப்பியிருப்பார். நான் கேட்கவில்லை. கொள்ளி வைத்தது சித்தப்பா.

பூச்சு வேலை நெல் காசில்தான் நடந்தது. ஆறு மாசமாக நீ அனுப்பியதில் ஒரு ரூபாய் தொடவில்லை, அப்படியே கணக்கில் கிடக்கிறது. ஒரு டிக்கெட்டுக்கு மேலேயே வரும். சும்மா தகவலுக்குச் சொல்கிறேன்.

மஹத்தாவுக்குப் போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கட்டடத்தை மட்டும் எடுக்காதே, நீயும் அதில் நில்.

அப்பா