பென்சில் அவன் கையிலேயே இருக்கட்டும்

திருநெல்வேலி டவுன்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். நேற்று போனில், கட்டம் போட்ட தாளில் மயில் வரைய வராமல் பேரன் அழுதான், கடைசியில் நானே முடித்துக் கொடுத்தேன் என்றாய். அதிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

கட்அவுட்டும் போர்டும் வரைந்தே உங்களை வளர்த்தவன் நான். 20 செ.மீ. போட்டோவில் 1 செ.மீ.க்கு ஒரு கட்டம் போடுவோம். பலகையில் அதே கட்டம் 1 அடிக்கு ஒன்று. 20 அடி ஆள் எழுந்து நின்றுவிடுவார். சாரத்தில் நிற்கிறவனுக்கு முழு முகம் தெரியாது, எதிரே இருக்கிற கட்டம்தான் தெரியும். அதுதான் நல்லதும்கூட. மூக்கு என்று நினைத்து வரைந்தால் நம் மனசில் இருக்கிற மூக்கு வந்துவிடும், போட்டோவில் உள்ளது வராது.

பேரனுக்கும் அதே சிக்கல்தான். பழைய அட்டை ஒன்றில் ஒரு கட்டம் அளவுக்கு ஓட்டை வெட்டி, மாதிரிப் படத்தின் மேல் வை. "கோடு எந்தப் பக்கமிருந்து உள்ளே வருது? பாதியிலயா, ஓரத்திலயா? எங்க வெளிய போகுது?" இதை மட்டும் கேள். மாதிரித் தாள், அவன் வரைகிற தாள் இரண்டிலும் மேலே 1, 2, 3 என்றும் பக்கத்தில் அ, ஆ, இ என்றும் எழுதிக்கொள்ளட்டும். கட்டம் மாறிப்போவதால்தான் பாதி அழுகை.

லீவுக்கு வந்திருந்தபோது யானை வரைந்தான். தும்பிக்கை வளைகிற கட்டத்தை மூன்று தடவை அழித்தான். தாளே நைந்துபோயிற்று. நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலாவது தடவை விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது அடிக்கோட்டைத் தொடவே இல்ல!" என்று கத்தினான். பென்சிலை நீ வாங்கிக்கொண்டால் அந்தச் சத்தம் வராது, பாப்பா.

அப்புறம், பல படங்களில் ஒரே மாதிரி இருப்பதைக் கண்டுபிடித்து ஜோடி சேர்க்கிற அந்தப் பயிற்சி. "ஒரே மாதிரி எது?" என்று கேட்டால் பிள்ளை ஏதோ ஒன்றைத் தொட்டுவிடும். ஒரு அடையாளத்தைப் பிடிக்கச் சொல். சேவலின் வால் எந்தப் பக்கம், கால் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, பொருந்தாததை ஒவ்வொன்றாகப் புளியங்கொட்டை வைத்து மூடிக்கொண்டே வரட்டும். இடம் வலம் மாறுவது இந்த வயதில் சகஜம், அதற்குத் திட்டாதே.

நீயும் ஒரு மார்கழியில், ஏழு புள்ளிக் கோலத்தில் இழையை எங்கே திருப்புவது என்று தெரியாமல் வாசலில் நின்றாய். அம்மா மாவுக் கிண்ணத்தை உன்னிடமிருந்து வாங்கவே இல்லை. பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, நீ இழையை மூடும்வரை நின்றார்.

சரி, அடுத்த மயில் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு. நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா