கஷ்டப்பட்ட கதையை மட்டும் கேக்காதீங்க சார்

வணக்கம் ஆசிரியர் சார்,

சின்னதா தொழில் ஆரம்பிச்சு மேல வந்தவங்களோட பேட்டி நம்ம பேப்பர்ல அடிக்கடி வருது, நானும் ஒண்ணு விடாம படிக்கிறேன், ஆனா எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. சின்ன வயசுல வறுமை, அம்மா சொல்லிக் கொடுத்த நேர்மை, விழுந்தேன் எழுந்தேன், முடிஞ்சுது பேட்டி. அவங்க பட்ட கஷ்டம் நிஜம்தான், அதை நான் குறைச்சு சொல்லல. ஆனா கஷ்டம்தான் ஆளை உருவாக்குதுன்னா அதே கஷ்டத்துல வளர்ந்த மத்தவங்க எல்லாம் எங்க சார் போனாங்க?

சின்ன கம்பெனிகளுக்கு கணக்கு பாக்குறதுதான் என் பொழப்பு, அதனால தொழில் படுக்கும்போது ஓனர் என்ன பண்றாருன்னு பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். ஒருத்தர், கைல பணம் இல்லன்னு தெரிஞ்ச உடனே சப்ளையருக்கு தானே போன் போட்டு "இப்போ பாதிதான் முடியும், மீதி பத்தாம் தேதி தந்துடறேன்"னு சொல்லிடுவாரு. இன்னொருத்தர் போனை சைலண்ட்ல போட்டு டேபிள்ல கவுத்து வெச்சுடுவாரு. உழைப்புல ரெண்டு பேரையும் ஒண்ணும் சொல்ல முடியாது, ரெண்டு பேரும் இல்லாத வீட்ல இருந்து வந்தவங்கதான். பேச்சுவாக்குல ஒரு நாள் தெரிஞ்சுது, முதல் ஆளோட அப்பா கடன் குடுத்தவர் வந்தா தானே வாசலுக்குப் போய் நின்னு தேதி சொல்லி அனுப்புவாராம், இவரு பின்னாடி நின்னு அத்தனையும் கேட்டுட்டு இருப்பாராம். ரெண்டாவது ஆளை "அப்பா வீட்ல இல்லன்னு சொல்லு"ன்னு வாசலுக்கு அனுப்புவாங்களாம். பாவம், புள்ளை என்ன பண்ணும், சொன்னதை சொல்லிட்டு வந்திருக்கு.

இது ஏதோ என் கண்ணுக்கு பட்டது மட்டும் இல்ல. ஃபேர்லி, ராப்னு ரெண்டு பேர் 2007ல அமெரிக்க சிறுதொழில் ஓனருங்க தகவலை வெச்சு எழுதின ஆய்வுல, பாதிக்கு மேல ஓனருங்களுக்கு குடும்பத்துல முன்னாடியே சொந்தத் தொழில் பண்ணவங்க இருந்திருக்காங்க. ஆனா அப்படி ஒரு ஆள் வீட்ல இருந்ததால மட்டும் தொழில் பெருசா நல்லா போயிடல, அந்த தொழில்ல கூட நின்னு வேலை பாத்தவங்களுக்குத்தான் பலன் தெரிஞ்சிருக்கு. ஸ்வீடன்ல தத்துப் பிள்ளைகளை வெச்சு 2015ல வந்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். சொந்தத் தொழிலுக்கு போறதுல பெத்தவங்க தாக்கத்தை விட வளர்த்தவங்க தாக்கம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ரத்தத்துலயே பிசினஸ் இருக்குன்னு பெருமை பேசுறவங்க கவனிக்கணும்.

அப்புறம் பணம். பேட்டியில இது மட்டும் எப்பவும் காணாம போயிடும். பிரிட்டன் தகவலை வெச்சு பிளாஞ்ச்ஃப்ளவர், ஆஸ்வால்ட்னு ரெண்டு பொருளாதார நிபுணருங்க 1998லயே சொல்லிட்டாங்க, சொத்தோ அன்பளிப்போ கைக்கு வந்தவங்க சொந்தத் தொழில்ல இருக்குற வாய்ப்பு அதிகம்னு. "தனி ஆளா நின்னு ஜெயிச்சேன்"னு சொல்றவரு வீட்ல, முதல் ரெண்டு மூணு வருஷம் மனைவி சம்பளத்துலதான் குடும்பமே ஓடியிருக்கும், அந்த அம்மா பேரு கட்டுரையில ஒரு வரி கூட வராது.

இதுல இன்னொரு ஆபத்து, விடாம பிடிச்சுக்கிட்டு இருக்குறதுதான் மன உறுதின்னு ஆயிடுச்சு. அமெரிக்க அரசு கணக்குப்படியே புதுசா தொடங்குற தொழில்ல கிட்டத்தட்ட பாதி அஞ்சு வருஷத்துக்குள்ள மூடிடுது. எவ்ளோ லாபம் வரும்னு பாக்குறதுக்கு முன்னாடி எவ்ளோ போனா தாங்குவோம்னு பாத்து இறங்குறவங்கதான் அனுபவசாலிங்கன்னு சரஸ் சரஸ்வதிங்கற பேராசிரியர் 2001ல எழுதினாங்க. கடையை மூடிட்டு கடனை அடைச்சுட்டு கொஞ்ச நாள் சம்பளத்துக்கு போனவரும் மன உறுதி உள்ளவர்தானே, அவரை ஏன் சார் யாரும் பேட்டி எடுக்கறதில்ல?

நல்ல வீடு அமையாதவங்க கதி அவ்ளோதானான்னு கேப்பீங்க. இல்ல. ஹவாய்ல கவாய் தீவுல 1955ல பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர்ங்கற உளவியல் ஆய்வாளரோட குழு பல வருஷமா தொடர்ந்து பாத்தாங்க. ரொம்ப மோசமான சூழ்நிலையில வளர்ந்ததுல மூணுல ஒரு பங்கு நல்லபடியா தலையெடுத்திருக்கு. நம்பிக்கையா ஒட்டிக்க யாராவது ஒரு பெரியவங்க கிடைச்சது அதுல ஒரு முக்கிய காரணம், பெத்தவங்கதான்னு இல்ல, பாட்டியோ டீச்சரோ கூட இருக்கலாம். டீன் ஏஜ்ல தடம் மாறினவங்கள்லயும் நிறைய பேர் முப்பது வயசுக்கு மேல தேறி வந்திருக்காங்க.

அதனால நிருபர்கள் கிட்ட சொல்லி அடுத்த பேட்டியில மூணு கேள்வி சேர்க்க சொல்லுங்க. சின்ன வயசுல வீட்டு வரவு செலவு உங்க கண்ணுல பட்டுச்சா, முதல் நஷ்டம் வந்தப்போ வீட்டுச் செலவை யார் பாத்தாங்க, எந்த இடத்துல நிறுத்திக்கணும்னு முடிவு பண்ணி வெச்சிருந்தீங்க. பதில் சொல்ல தயங்கினா, அந்த தயக்கத்தையும் அப்படியே போடுங்க.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் ஒரு வாசகர்